அந்த சுஜூதுக்கு முன்னால் நடந்தது

கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்துவிட்டு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்ட பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

ஒரு வீடியோ இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு தடவையாவது நம்ம வட்ஸ்அப் குழுமங்களைச் சுற்றிவிட்டுப் போகும். சிவப்புச் சட்டையும் ஹெல்மட்டும் போட்ட ஒருவர் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி வருவார். கோட்டைத் தாண்டியதும் முழங்காலில் சறுக்கிக்கொண்டே போய் அப்படியே சுஜூதில் விழுவார். உடனே நடுவர் ஒரு மஞ்சள் துணியை எறிவார். அவ்வளவுதான் வீடியோ. கீழே பெரிய எழுத்தில், "அமெரிக்காவில் சுஜூது செய்த முஸ்லிம் வீரருக்குத் தண்டனை! அதிகம் பகிருங்கள்!"

போன மாதமும் வந்தது. என் பத்தாம் ஆண்டு வகுப்புப் பையன் ஒருவன், வாப்பாவின் போனில் பார்த்துவிட்டு வந்து கேட்டான்: "சேர், அந்த ஆளுக்கு என்னத்துக்கு சேர் பனிஷ்மென்ட் குடுத்த?" சொல்லத் தொடங்கும்போதே அடுத்த கேள்வியையும் போட்டான்: "அவரு என்ன சேர் செஞ்ச, சுஜூது செய்றதுக்கு?"

முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவதை இவ்வளவு காலத்தில் ஒருத்தரும் கேட்டு நான் பார்க்கவில்லை. வகுப்பில் மணி அடித்துவிட்டது, பாதியில்தான் விட்டேன். அவனுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

தண்டனைக் கதையை முதலில் முடித்துவிடுவோம். அந்த வீரரின் பெயர் ஹுஸைன் அப்துல்லாஹ். கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணி. நாள் 2014 செப்டெம்பர் 29, திங்கள் இரவு. அந்த ஹிஜ்ரி வருடக் கணக்கில் அது துல்ஹஜ் முதல் பத்து நாட்களுக்குள் வருகிறது. ஹாஜிமார் அறஃபாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரம். அமெரிக்க ஃபுட்போலில் அப்போது ஒரு விதி இருந்தது: புள்ளி எடுத்த பிறகு தரையில் விழுந்து, படுத்து, உருண்டு கொண்டாடக் கூடாது. ஆனால் வணக்கத்துக்காகத் தரையில் விழுவது அந்த விதிக்குள் வராது. மைதானத்தில் நின்ற நடுவர் அதை அந்த நேரம் பிரித்துப் பார்க்கவில்லை. 15 யார் தண்டனை கொடுத்தார். (துணி அளக்கிற அதே யார்தான்.) மறுநாளே என்எஃப்எல் நிர்வாகம், அவருக்குத் தண்டனை கொடுத்திருக்கக் கூடாது என்று பகிரங்கமாகச் சொன்னது. ஹுஸைனும் கோபப்படவில்லை, தான் முழங்காலில் சறுக்கியதற்காக நடுவர் துணியை எறிந்திருப்பார் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். 2017இல் அந்த விதியே தளர்த்தப்பட்டது. இப்போது தரையில் உருண்டாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

நமக்கு வருகிற பகிர்வுகளில் இந்த மறுநாள் கதை எப்பவும் வெட்டுப்பட்டிருக்கும். மனம் நோகக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 2019க்குப் பிறகு இந்த நாட்டில் வாழ்ந்த நமக்கு, நாம் சாதாரணமாகச் செய்கிற ஒன்றை இன்னொருத்தர் வேறு கண்ணால் பார்ப்பது எப்படியிருக்கும் என்று யாரும் வந்து படிப்பிக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு மனிதன் வாழ்க்கையில் செய்த பெரிய வேலையொன்றை விட்டுவிட்டு, அவன் மேல் விழுந்த மஞ்சள் துணியை மட்டும் நாம் ஞாபகம் வைத்திருப்பது அவனுக்குச் செய்கிற மரியாதையாக எனக்குப் படவில்லை.

அந்த வேலை என்னவென்றால், டொம் பிரேடி வீசிய பந்தைப் பறித்தது.

2014இல் நான் ஆசிரியர் கலாசாலையில் இருந்தேன். என் மாமா மகன், மச்சான், அப்போது மிசூரி மாநிலத்தில் வேலை. நம்ம ஊர் நேரம் செவ்வாய் காலை ஆறு மணிக்குத்தான் அந்த ஆட்டம் தொடங்கியது. வகுப்புக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருக்கும்போது போன் எடுத்து, "மச்சான், நம்மட ஆளொருத்தன் பிரேடிட பந்தப் புடிச்சிட்டான்டா" என்று கத்தினான். சுஜூதைப் பற்றி அவன் அடுத்ததாகத்தான் சொன்னான். பந்தைப் பிடித்ததுதான் அவனுக்கு முதல் செய்தி. ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளப் போய்த்தான் இந்த விளையாட்டின் பைத்தியம் எனக்கும் தொற்றியது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஒரு பக்கம் பதினொரு பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நாலு வாய்ப்பு, அதற்குள் 10 யார் முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னும் நாலு வாய்ப்பு. ரக்பி பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் பழக்கப்பட்டதாகத் தெரியும், ஆனால் இங்கே ஒவ்வொரு வாய்ப்புக்கு ஒருமுறை பந்தை முன்பக்கமாக எறியலாம். எறிகிறவர்தான் குவாட்டர்பெக். அவருக்கு முன்னால் ஐந்து மலை போன்ற ஆட்கள் வேலி மாதிரி நிற்பார்கள். அவர் பந்தை வாங்கி, ஓடிக்கொண்டிருக்கும் தன் ஆட்களில் யார் தனித்திருக்கிறார் என்று பார்த்து எறிய வேண்டும். கிடைக்கும் நேரம் இரண்டரை, மூன்று செக்கன். "பிஸ்மில்லாஹ்" சொல்லி முடித்து மூச்சு விடுகிற நேரம்.

பாதுகாக்கிற அணிக்கு இருப்பதும் அதே பதினொரு பேர்தான். இங்கேதான் கணக்கு இருக்கிறது. வேலியை உடைத்துக்கொண்டு குவாட்டர்பெக்கின் மேல் பாய எத்தனை பேரை அனுப்புவது, பின்னால் மறிக்க எத்தனை பேரை வைப்பது? வழமையாக நாலு பேர் பாய்வார்கள், ஏழு பேர் பின்னால். ஐந்து, ஆறு பேரை அனுப்பினால் அதற்கு பிளிட்ஸ் என்று பெயர். சீக்கிரம் பிடிக்கலாம். ஆனால் அனுப்பிய ஆள் நின்ற இடம் வெறுமையாகிவிடும். கிறிக்கெட்டில் ஸ்லிப்புக்கு இன்னொரு ஆளைக் கொண்டுவந்தால் எல்லையில் ஒரு பக்கம் திறந்துவிடும் அல்லவா, அதே மாதிரி.

சாதாரண குவாட்டர்பெக்குக்கு பிளிட்ஸ் பயம். பிரேடிக்கு அது விருந்து. இந்த மனிதர் 2000ஆம் ஆண்டுத் தெரிவில் 199ஆவதாக எடுக்கப்பட்டவர். ஓட்டத்தில் படுமந்தம், 40 யார் ஓட அவருக்கு எடுத்த 5.28 செக்கனை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் பந்து கைக்கு வருவதற்கு முன்பே எதிரணி நிற்கும் நிலையைப் படித்துவிடுவார். யார் பாயப் போகிறார், எந்த இடம் வெறுமையாகும் என்று கணித்து, பாய்கிறவர் வந்து சேர்வதற்குள் அந்த வெற்றிடத்துக்கே பந்தை அனுப்பிவிடுவார். நீங்கள் அவரைப் பிடிக்க அனுப்பிய ஆளாலேயே நீங்கள் தோற்பீர்கள்.

ஆகவே அவரைப் போன்ற ஒருவருக்கு எதிராகத் திட்டம் போடுகிறவர்கள் இரண்டு விஷயத்தைத் தேட வேண்டும். ஒன்று, மேலதிக ஆளை அனுப்பாமல், நாலே பேரை வைத்து அவரை அவசரப்படுத்துவது. மற்றது, அவர் பார்க்கும் படத்தைப் பொய்யாக்குவது.

முதலாவதற்கு நல்ல உதாரணம் 2008 பெப்ரவரி 3, சூப்பர் போல் இறுதியாட்டம். பிரேடியின் பேட்ரியட்ஸ் அந்தப் பருவம் முழுக்க ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 18 வெற்றியோடு வந்திருந்தது. வழமைப் பருவத்தில் மட்டும் பிரேடி எறிந்த டச்டவுன் 50, அணி எடுத்த புள்ளி 589. எதிரே நியூயோர்க் ஜயன்ட்ஸ். இதே ஜயன்ட்ஸ் ஐந்து வாரங்களுக்கு முன்னர், 2007 டிசம்பர் 29இல், இதே அணியிடம் 38க்கு 35 என்று தோற்றிருந்தது. உலகம் தோல்வியைப் பார்த்தது. ஜயன்ட்ஸின் பாதுகாப்புப் பயிற்சியாளர் ஸ்டீவ் ஸ்பக்னுவோலோவுக்கு அது பிரேடிக்கு எதிராகக் கிடைத்த முழுநீள மாதிரிப் பரீட்சை.

அவர்கள் செய்ததில் எனக்குப் பிடித்த பகுதி இது. பக்கத்திலிருந்து ஒருவர் பாய்ந்து வந்தால் பிரேடி ஒரு அடி முன்னால் எடுத்து வைப்பார், பாய்ந்தவர் பின்னால் கடந்து போவார், பிரேடி ஆறுதலாக எறிவார். இதை அவர் ஆயிரம் தடவை செய்திருக்கிறார். அப்போ அந்த ஒரு அடியை எடுத்து வைக்க இடமில்லாமல் செய்தால்? ஜஸ்டின் டக் என்ற வேகமான ஆள், வழமையாகப் பக்கத்தில் நிற்கிறவர். அவரை நடுவுக்குள் கொண்டுவந்தார்கள். நடுவில் நின்று பழகிய கனத்த மனிதர்களை மறித்துப் பழகிய வேலிக்காரர்களுக்கு இந்த வேகம் புதிது. பக்கத்தில் ஸ்ட்ரஹானும் உமென்யோராவும். முன்னால் போனால் டக், நின்றால் மற்ற இருவர். பிரேடி அன்று ஐந்து தடவை பந்தோடு தரையில் விழுத்தப்பட்டார். ஆட்டத்துக்குச் சராசரியாக 36 புள்ளிக்கு மேல் எடுத்த அணி 14இல் நின்றது. 17க்கு 14, ஜயன்ட்ஸ் வெற்றி.

(பதினேழு வருடம் கழித்து, 2025 பெப்ரவரியில், பிலடெல்பியா ஈகிள்ஸ் இதே மருந்தைத்தான் பேட்ரிக் மஹோம்ஸுக்குக் கொடுத்தது. முழு ஆட்டத்திலும் ஒரு பிளிட்ஸ்கூட இல்லை. நாலு பேர் மட்டும் பாய்ந்தே ஆறு தடவை விழுத்தினார்கள். இடைவேளையில் 24க்கு 0. மச்சான் கன்சாஸ் சிட்டிக்காரன் ஆகிவிட்டதால் அன்றைக்கு நான் போன் எடுக்கவில்லை.)

இரண்டாவது விஷயம், படத்தைப் பொய்யாக்குவது. முரளியின் தூஸ்ராவை நினைத்துக்கொள்ளுங்கள். பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று துடுப்பாட்டக்காரர் கையையும் மணிக்கட்டையும் பார்த்துத்தான் கணிக்கிறார். கை ஒன்றைச் சொல்லி, பந்து இன்னொன்றைச் செய்தால் நல்ல ஆட்டக்காரரும் தடுமாறுவார். குவாட்டர்பெக் பார்க்கிற அந்த "மணிக்கட்டு" யார் என்றால், சேஃப்டி என்று சொல்லப்படுகிற கடைசிக் காவல்காரர்கள். பொதுவாக இரண்டு பேர். இருவரும் ஆழத்தில் நின்றால் ஒரு விதமான மறிப்பு, ஒருவர் மட்டும் நின்றால் வேறு விதம். ஆகவே நல்ல அணி பந்து அசையும் வரைக்கும் ஒரு நிலையில் நிற்கும். பந்து குவாட்டர்பெக்கின் கைக்குப் போகிற அந்தக் கணத்தில் இன்னொரு நிலைக்கு ஓடும். அவர் படித்து வைத்திருந்த பக்கம் கிழிந்துபோகும். புதிதாகப் படிக்க வேண்டும். அதற்கு அரைச் செக்கன் போகும். மூன்று செக்கன் மட்டும் இருப்பவனிடமிருந்து அரைச் செக்கனைத் திருடினால் ஆறில் ஒரு பங்கை எடுத்துவிட்டீர்கள்.

ஹுஸைன் அப்துல்லாஹ் ஒரு சேஃப்டி. அவருடைய தொழிலே இந்தத் திருட்டுத்தான்.

இப்போது அந்த 2014 இரவுக்கு வருவோம். பேட்ரியட்ஸ் வேலியில் அப்போது பிரச்சினை இருந்தது. வருடக்கணக்காக நின்ற லோகன் மேன்கின்ஸைப் பருவம் தொடங்கப் போகும் நேரத்தில் வேறு அணிக்குக் கொடுத்திருந்தார்கள். சீஃப்ஸ் பக்கம் இரண்டு ஓரத்திலும் பயங்கரமான ஆட்கள்: ஜஸ்டின் ஹூஸ்டன், தம்பா ஹாலி. ஹூஸ்டன் அந்தப் பருவத்தில் 22 தடவை குவாட்டர்பெக்குகளை விழுத்தினார். அப்போதிருந்த சாதனை இருபத்திரண்டரை. (ஆம், அரையும் உண்டு. இருவர் சேர்ந்து விழுத்தினால் ஆளுக்குப் பாதி.) ஹாலியோ லைபீரியாவில் பிறந்து, யுத்தத்தில் தப்பி, பத்து வயதில் அமெரிக்கா வந்தவர். இப்படிப்பட்ட இருவர் ஓரத்தில் நின்றால் பிளிட்ஸ் தேவைப்படாது, பின்னால் ஆட்கள் மிச்சம்.

அதோடு சத்தம். ஏரோஹெட் மைதானத்தில் அன்றிரவு அளந்த சத்தம் 142.2 டெசிபல். கின்னஸில் பதிந்தார்கள். இதைக் கூட்டத்தின் ஆர்வம் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம், அதுவும் பாதுகாப்பில் ஒரு பகுதி. பந்தை எப்போது தர வேண்டும் என்று குவாட்டர்பெக் குரல் கொடுத்துத்தான் சொல்வார். குரல் கேட்காவிட்டால் கை காலால் சைகை. வேலியில் நிற்கிறவர் குரலைக் கேட்டு எழும்பும்போது பாய்கிறவரைவிட ஒரு கணம் முந்துவார். கண்ணால் பார்த்து எழும்பும்போது அந்த முந்தல் இல்லாமல் போகும். இருவரும் ஒன்றாக எழும்புவார்கள். ஹாலிக்கும் ஹூஸ்டனுக்கும் அந்தக் கணம் போதும். ஆகவே வீட்டு அணி பந்தோடு இருக்கும்போது கூட்டம் மௌனமாக இருக்கும், எதிரணி வந்தால் மட்டும் கத்தும். நம்ம ஊர் விளையாட்டுப் போட்டியில் எல்லா நேரமும் கத்துகிறோம். கத்துவதற்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

இடைவேளைக்கு 17க்கு 0. பிறகு 27க்கு 0. ஜமால் சார்ள்ஸ் மட்டும் மூன்று டச்டவுன். பந்து உங்கள் ஓட்டக்காரன் கையில் இருக்கிற நேரம் முழுக்கப் பிரேடி ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் சேர்த்துக் கணக்கெடுங்கள். ஹாலி பிரேடியைப் பிடித்து, பந்தைத் தட்டிப் பறித்தார். ஷோன் ஸ்மித் ஒரு எறிதலைப் பறித்தார். நாலாம் பகுதியில், ஆட்டம் ஏறக்குறையக் கைவிட்டுப்போன நிலையில், பிரேடி எறிந்த இன்னொன்றை ஹுஸைன் பறித்தார். 39 யார் ஓடினார். கோடு. சறுக்கல். சுஜூது. மஞ்சள் துணி.

அன்றைய ஆட்டம் 41க்கு 14. பிரேடி 23 தடவை எறிந்து 14 பந்துதான் போய்ச் சேர்ந்தது, 159 யார், இரண்டு பறிபோனது. மிச்ச நேரத்துக்கு அவரை வெளியே எடுத்து, ஜிமி கரோப்பலோ என்ற புதுப் பையனை இறக்கினார்கள். அந்தப் பையனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வருவான்.

இந்த இடத்தில் தம்பிமார் சிலர் கேட்பார்கள்: இதெல்லாம் விளையாட்டு, துன்யாவின் வீண் வேலை, இதில் என்ன மார்க்கம் இருக்கிறது என்று. நான் மௌலவி இல்லை, பதில் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பந்தைப் பறித்த மனிதர் அந்த இடத்துக்கு எந்த வழியால் வந்தார் என்று மட்டும் கேளுங்கள்.

ஹுஸைனைத் தெரிவில் எந்த அணியும் எடுக்கவில்லை. தெரிவு முடிந்த பிறகு மினசோட்டா வைக்கிங்ஸில் இடம் பிடித்தவர். பயிற்சி முகாம் ஓகஸ்ட் மாத வெயிலில் நடக்கும். 2010இல் றமழான் சரியாக அந்த மாதத்தில் வந்தது. நோன்போடு பயிற்சி செய்தார். அணியின் உணவு ஆலோசகர் சஹருக்கும் நோன்பு திறப்பதற்கும் என்ன சாப்பிடுவது என்று திட்டம் போட்டுக் கொடுத்தார். மூத்தவர் ஹம்ஸாவும் இதே விளையாட்டில், இதே சேஃப்டி இடத்தில் ஆடியவர். 2012இல் ஹஜ் ஒக்டோபர் கடைசியில் வந்தது. ஃபுட்போல் பருவத்தின் நட்டநடு. சகோதரர்கள் இருவரும் அந்தப் பருவத்தை விட்டார்கள். ஒப்பந்தம் இல்லை, திரும்பி வந்தால் இடம் தருவோம் என்று எந்த அணியும் சொல்லவில்லை. சராசரியாகச் சில வருடங்களே நிலைக்கிற தொழில் அது. ஒரு வருடம் விட்டால் அந்த இடத்துக்கு இருபத்திரண்டு வயதுப் பையன் வந்துவிடுவான். போனார்கள். ஹம்ஸாவுக்கு அதன் பிறகு இடம் கிடைக்கவில்லை. ஹுஸைனை 2013இல் கன்சாஸ் சிட்டி எடுத்தது.

சம்பளமில்லா லீவு எடுக்கவே நாங்கள் எத்தனை தடவை யோசிக்கிறோம் என்று ஆசிரியர் நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கோடு வரைக்கும் போகும் பாக்கியம் கிடைத்தால் சுஜூது செய்வேன் என்று அவர் முன்னமே மனதில் நேர்ந்து வைத்திருந்தார். ஆகவே அது அந்த நேரத்து உணர்ச்சியில் விழுந்தது மட்டுமல்ல. உணர்ச்சி கூடிப்போனதால் வந்தது சறுக்கல்தான். அதைத்தான் அவரும் சொன்னார். இப்போது அந்த வீடியோவை இன்னொருமுறை பாருங்கள், பார்க்கிற கண்ணே மாறியிருக்கும்.

ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். தடுப்பது என்றால் எல்லாவற்றையும் தடுப்பது என்று நம்ம பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெரியவர்களும்தான். 1991 ஜனவரி 27 சூப்பர் போல் இதற்கு நல்ல பாடம். பஃபலோ பில்ஸ் அணி, குவாட்டர்பெக் ஜிம் கெல்லி, முந்தைய ஆட்டத்தில் 51க்கு 3 என்று ஒரு அணியைத் துவைத்துவிட்டு வந்திருந்தது. ஜயன்ட்ஸின் பாதுகாப்புப் பொறுப்பு பில் பெலிச்சிக்கிடம். பிறகு பிரேடியின் தலைமைப் பயிற்சியாளரான அதே ஆள். அவர் தன் வீரர்களைக் கூட்டி வைத்து, எதிரணியின் ஓட்டக்காரர் தேர்மன் தோமஸ் 100 யாருக்கு மேல் ஓடினால் நாம் வெல்வோம் என்றார். வீரர்களுக்குக் கடுப்பு. ஓட்டத்தை நெரித்துப் பெயர் எடுத்தவர்கள் அவர்கள். ஆனால் கணக்கு சரி. கெல்லி எறிந்தால் ஒரே எறிதலில் 40 யார் போகலாம். தோமஸ் ஓடினால் 6, 8, 10. முன்னால் ஆட்களைக் குறைத்து, பின்னால் ஆட்களைக் கூட்டி, ஓட்டத்தைத் திறந்துவிட்டார்கள். தோமஸ் 135 யார் ஓடினார். ஜயன்ட்ஸ் 20க்கு 19 என்று வென்றது. கடைசிச் செக்கன்களில் பில்ஸ் உதைத்த 47 யார் உதை வலப்பக்கமாக வெளியே போனது, அதையும் மறைக்கக் கூடாது. அது உள்ளே போயிருந்தால் இந்தத் திட்டத்தை யாரும் மெச்சியிருக்க மாட்டார்கள். இன்றைக்கு அந்தத் திட்டக் குறிப்பு கெண்டன் நகரத்து ஃபுட்போல் நூதனசாலையில் இருக்கிறது.

செட் ஆன துடுப்பாட்டக்காரருக்கு ஒரு ஓட்டத்தைச் சும்மா கொடுத்து, மறுமுனையில் நிற்கிற கடைசி ஆட்டக்காரரை இழுத்து வரும் கப்டன் செய்வதும் இதுதான். எதைக் கொடுக்கிறோம் என்று நாமே தீர்மானித்துக் கொடுப்பது.

2004இல் இதே பெலிச்சிக் பேட்டன் மேனிங்குக்கு வேறு வைத்தியம் பார்த்தார். மேனிங்கை விட்டுவிட்டு, அவர் எறியும் ஆட்களைத் தொடக்கத்திலேயே இடித்து, தள்ளி, ஓட்டத்தின் நேரத்தைக் குழப்பினார்கள். நாலு பந்து பறிபோனது, அதில் மூன்று டை லோ கைக்கு. 24க்கு 14. அந்த இடிப்பைப் பார்த்த பிறகு, ஐந்து யாருக்கு அப்பால் தொடக்கூடாது என்று ஏற்கனவே இருந்த விதியை நிர்வாகம் அடுத்த பருவத்திலிருந்து இறுக்கிப் பிடிக்கத் தொடங்கியது. நடுவர் எதைக் காண்கிறார், எதைக் காணாமல் விடுகிறார் என்பதும் இந்த விளையாட்டில் எப்பவும் ஒரு கட்சிதான்.

சரி, பிரேடிக்கு என்ன நடந்தது? கன்சாஸ் சிட்டி இரவுக்குப் பிறகு, 37 வயது, ஆள் முடிந்தான் என்று எழுதாத பத்திரிகை இல்லை. பெலிச்சிக்கிடம் எதைக் கேட்டாலும் அடுத்த ஆட்டம் சின்சினாட்டியோடு என்ற ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். அடுத்த ஞாயிறு சின்சினாட்டியை 43க்கு 17 என்று அடித்தார்கள். அந்தப் பருவம் முடியும்போது சூப்பர் போல் கிண்ணம் பிரேடியின் கையில்.

அந்த இறுதியாட்டத்தை, 2015 பெப்ரவரி 1, வென்று கொடுத்தது பிரேடி மட்டுமல்ல. அதுவும் ஒரு பறிப்புத்தான். 28க்கு 24 முன்னணி, நிமிடம்கூட மிச்சமில்லை, சியாட்டில் அணி கோட்டிலிருந்து ஒரு யாரில் நிற்கிறது, குவாட்டர்பெக் ரஸல் வில்சன். பேட்ரியட்ஸ் பக்கம் மல்கம் பட்லர் என்ற புதியவர், அவரையும் தெரிவில் எந்த அணியும் எடுக்கவில்லை, கோழிப்பொரியல் கடையில் வேலை செய்தவர். சியாட்டில் நின்ற விதத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. அந்த வாரப் பயிற்சியில் எதிரணியாக நடித்துக் காட்டும் தங்கள் சொந்த ஆட்கள் இதே ஆட்டத்தைச் செய்து காட்டியிருந்தார்கள். அதில் பட்லர் ஏமாந்துபோனார். வில்சனாக நடித்துப் பந்தை எறிந்தது யார் தெரியுமா? அந்தக் கரோப்பலோ பையன். பயிற்சியில் ஏமாந்த அதே ஆட்டம் உண்மையில் வந்தபோது பட்லர் பந்து வருவதற்கு முன்னமே ஓடிப்போய் எடுத்தார். மிச்சம் இருந்தது 20 செக்கன்.

ஒருவர் பரிசு வாங்க வேண்டுமென்றால் இன்னொருவர் வாரம் முழுக்க எதிரியாக நடிக்க வேண்டியிருக்கிறது. வகுப்பில் விவாதப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தும்போது எதிர்த்தரப்புப் பேச ஒருவரும் முன்வர மாட்டார்கள். இந்த வருடம் அந்த இடத்துக்கு என் வகுப்பில் ஆகக் கெட்டிக்காரப் பிள்ளையைப் போட்டிருக்கிறேன். அவளுடைய உம்மா வந்து, "ஏன் சேர் என்ட புள்ளய மெயின் டீம்ல போடல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார். கரோப்பலோ கதையைச் சொன்னேன். சிரித்தார், ஆனால் சமாதானமாகவில்லை.

ஹுஸைன் அப்துல்லாஹ் 2016இல், முப்பது வயதில், விளையாட்டை விட்டார். தலையில் பட்ட அடிகள். ஐந்து தடவை மூளை அதிர்ச்சி. இன்னும் ஆடலாம், ஆனால் இந்தத் தலை எனக்கு வேண்டும் என்ற மாதிரியான முடிவு. எறிகிறவனின் கண்ணைப் படித்துப் பந்து போகும் இடத்தைக் கணிக்கிற வேலைக்கும் அந்தத் தலைதானே தேவைப்பட்டது. அந்தப் பையன் நாளைக்கு வகுப்பில் மிச்சத்தைக் கேட்பான். போனில் முழு ஆட்டத்தின் நாலாம் பகுதியை எடுத்து வைத்திருக்கிறேன், பந்தைப் பார்க்காமல் சேஃப்டியைப் பார்க்கச் சொல்லப் போகிறேன்.